தீர்ப்பே இல்லாத வழக்கு

நடுவர் அவர்களே, திருப்பூர்ப் பெருமக்களே!

பனியனில் ஓட்டை. நிட்டிங்காரரைக் கேட்டால், "சாயப்பட்டறையில ஆச்சுங்க" என்பார். சாயப்பட்டறைக்காரரோ, "கட்டிங்ல கேளுங்க" என்பார். (சிரிப்பு) "நான்தான்" என்று எவராவது சொன்னதுண்டா?

ஜப்பானியச் சிறுகதை மேதை அகுதாகவா 1922இல் ஒரு கதை எழுதினார். தோப்புக்குள்ளே ஒரு கொலை. கொள்ளைக்காரன், "நான்தான் கொன்றேன்" என்கிறான். செத்தவன் மனைவி, "இல்லை, நான்" என்கிறாள். செத்தவனின் ஆவியே வந்து, "நானே குத்திக்கொண்டேன்" என்கிறது!

ஏனுங்க இப்படி? அவனுக்கு வீரம் பெரிது. அவளுக்கு மானம் பெரிது. ஆவிக்குக்கூடக் கௌரவம் பெரிது! தப்பிக்க மட்டுமா பொய்? தலைநிமிர்ந்து நிற்கவும் மனிதன் பொய் சொல்கிறான்! (கைதட்டல்)

இந்தக் கதைதான் 1950இல் குரோசாவாவின் 'ரஷோமான்' படமாயிற்று. அந்தப் பாணியில் 1954இல் நமக்கு 'அந்த நாள்' வந்தது. எழுதியவரோ 1927இலேயே, 35 வயதில் மறைந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் எழ முடியாது. அகுதாகவா சொல்லவேயில்லை, வாசகரிடமே விட்டுவிட்டார்.

மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்ட தம்பிமார்களே! (சிரிப்பு) யார் சொல்வது பொய் என்று தேடுமுன், யாருக்கு எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்.