துருசின் திறப்பு

இரணைமடுக் குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் விதைக்கும் கிளிநொச்சிக் கமக்காரனுக்கு ஒரு நியதி நன்கு தெரியும். வயல் அவனுடையது, ஆயினும் வாய்க்கால் நீர் அவன் விரும்பிய வேளையில் வருவதன்று. முறை வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தபின், இரவில் மண்வெட்டியோடு சென்று தானே மடையை வெட்டினால், அயல் வயல் காய்வதோடு அமையாது. முறை வைத்தவரின் சொல்லை மறுநாள் எவரும் மதியார்.

பெருவணிகத்திலும் இச்சிக்கல் எழுவதுண்டு. இந்தியாவின் இன்போசிஸ் ஸ்தாபனம், நாராயண மூர்த்தி 1981ஆம் ஆண்டில் தம் மனைவி சுதா தந்த 10,000 ரூபாவைக் கொண்டு, ஆறு நண்பர்களுடன் தொடங்கியது. 33 ஆண்டுகள் அதன் தலைமை நிர்வாகப் பதவி ஸ்தாபகர்களுக்குள்ளேயே கைமாறிற்று. 2014 ஆகஸ்டிலேதான் முதன்முறையாக வெளியார் ஒருவர், விஷால் சிக்கா, அப்பதவியில் அமர்த்தப்பட்டார். மூர்த்தி அவ்வாண்டிலேயே பணிப்பாளர் சபையினின்றும் விலகினார்.

பதவியை விடுவது எளிது. பார்வையை விடுவதன்றோ அரிது! சிக்காவின் சம்பள உயர்வையும், விலகிச் சென்ற நிதி அதிகாரிக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பெருந்தொகையையும் பற்றி 2017இல் மூர்த்தி வெளிப்படையாகவே குறை கூறினார். அவர் கேட்டவை அற்பமானவை அல்ல. பங்குதாரர் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் சபைக்குள் முடிந்திருக்க வேண்டிய வழக்குப் பத்திரிகைகளுக்கு வந்துவிட்டது. ஓயாத குற்றச்சாட்டுகளுக்கிடையே வேலை செய்ய இயலாதென்று கூறி, ஆகஸ்ட் 18இல் சிக்கா பதவி துறந்தார். சபை மூர்த்தியைக் குறைகூற, அவர் அதனை மறுத்தார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீழ்ந்தது.

ஒரு வாரத்துள் மற்றொரு ஸ்தாபகரான நந்தன் நிலேகனி சபைத் தலைவராகத் திரும்பினார். அன்றாட அலுவல்களை அவர் தம் கையில் எடுக்கவில்லை. அவற்றை 2018 ஜனவரியில் வெளியிலிருந்து வந்த சலில் பரேக்கிடம் ஒப்புவித்தனர். 2022இல் பரேக்கின் பதவிக்காலம் 2027 மார்ச் வரை நீடிக்கப்பட்டது.

அரிசி ஆலையை முகாமையாளர் ஒருவரிடம் ஒப்படைக்க எண்ணும் வன்னி முதலாளிக்கும் இதே சோதனை உண்டு. நெல்லுக்கு முகாமையாளர் ஒரு விலை சொல்லும்போது, முற்றத்தில் மூடையோடு நிற்கும் கமக்காரர் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை அவர் கவனிக்கட்டும்.