காற்றைக் காணக் கற்பித்தல்

மட்டக்களப்பு நகரின் வடக்கே, செங்கலடியை அடுத்து வயல்கள் சூழ அமைந்த வந்தாறுமூலை கல்வியாற் பெயர்பெற்ற ஊராகும். மத்திய மகா வித்தியாலயம் இருந்த வளவிலே 1981ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த நகரமன்று. கடற்காற்றும் கச்சானும் மாறிமாறி வீசும் நாட்டுப்புறம். இத்தகைய ஊர்ப் பிள்ளைகளுக்குக் காற்று மாசு பற்றிய பாடம் எதற்கு என்று வினவுவார் உளர்.

அவ்வினாவுக்கு 2022 டிசெம்பர் மாதம் விடை கூறிற்று. வங்காள விரிகுடாவிற் புயல் நிலைகொண்டிருந்த வேளையில், இந்தியாவிலிருந்து மாசு நிறைந்த காற்று இலங்கையின்மீது படர்ந்தது. டிசெம்பர் 9ஆம் நாள் பாடசாலைகளை மூடுமாறு அரசு பணித்தது. காற்றுக்கு எல்லைக்கல் இல்லை என்பதைப் பிள்ளைகள் அன்று நேரிற் கண்டனர்.

கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு கற்பிப்பது? வெள்ளை அட்டைகள் சிலவற்றில் வசிலினை மெல்லப் பூசி, தெருவோரத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, வயலோரத்தில் ஒன்று எனத் தொங்கவிடலாம். ஒரு வாரத்தின் பின் உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்கினால், எவ்விடத்தில் தூசி மிகுதி என்பதை மாணாக்கர் தாமே எண்ணி அறிவர். ஆயினும், அட்டையிற் காண்பது பருந்தூசி மட்டுமே என்பதையும் ஆசிரியர் உணர்த்தவேண்டும். நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்டுகள்கள் 2.5 மைக்குரோமீற்றருக்கு மேற்படாதவை. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஒரு கனமீற்றர் காற்றில் இத்தகைய துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்குரோகிராமை மிஞ்சலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. உடல்நிறையோடு ஒப்பிடுமிடத்து, வளர்ந்தோரிலும் குழந்தைகளே மிகுதியான காற்றைச் சுவாசிக்கின்றனர்.

இப்பாடம் வீட்டுக்குச் செல்லுங்கால் ஒரு சங்கடம் எழுகின்றது. விறகடுப்பில் ஊதிச் சமைக்கும் தாயையும், அறுவடை முடிந்தபின் வைக்கோலுக்குத் தீயிடும் தந்தையையும் பிள்ளை குற்றவாளிகளாகக் காணலாகாது. ஈரவிறகு புகை மிகக் கக்கும். உலர்ந்த விறகும் புகைபோக்கியும் அடுப்படிச் சாளரமும் அதனைக் குறைக்கும். எரிக்கும் வைக்கோல் மாட்டுக்குத் தீனி. மக்கவிட்டால் மண்ணுக்கு உரம். இவ்வாறு மாற்றுவழி கூறும் பிள்ளையின் சொல்லே வீட்டில் எடுபடும்.

அதற்கும் முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. காலையிற் கூட்டிய சருகும் பொலித்தீன் பைகளும் பாடசாலை வளவின் மூலையிற் புகைந்துகொண்டிருக்க, வகுப்பறையிற் காற்றின் தூய்மையைப் போதிப்பதாற் பயன் யாது? பொலித்தீனைத் தனியே பிரித்து, சருகைக் குழியிலிட்டு எருவாக்கும் பாடசாலையே இப்பாடத்தைக் கற்பிக்கும் தகுதி உடையது. கடல் கடந்து வரும் மாசினை வந்தாறுமூலைச் சிறுவர் தடுத்தல் அரிது. தம் வளவிலே எரியும் நெருப்பை அணைத்தல் எளிது. கல்வி அங்கிருந்தே தொடங்குக.