வழுவும் வழுவமைதியும்: மென்பொருட் பணியில் குறிச்சொற்கள்



பலர் கூடி ஒரு மென்பொருளை உருவாக்கும்போது வழு குறித்த அறிக்கைகள் நாள்தோறும் வந்து குவிகின்றன. எதனை முதலில் கவனிப்பது என்று அறிய, ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு குறிச்சொல்லை இடுகிறோம். கணினிப் பணியாகத் தோன்றும் இது, அடிப்படையில் சொற்பொருளை வரையறுக்கும் பணியே ஆகும்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் அதனைப் பேணி வருகின்றனர். அங்கே வழுவின் கடுமைக்கு 7 படிகள் உண்டு. மேல் மூன்றும் கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் எனப்படும். பேச்சு வழக்கில் இவை ஏறத்தாழ ஒரே பொருளைத் தருவன. டெபியனிலோ ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. தொடர்பில்லாத பிற மென்பொருளையும் குலைக்கும் வழு முதற்படியில் அடங்கும். அந்த மென்பொருளையே பயன்படாமற் செய்வது இரண்டாம் படி. டெபியனின் விதிகளைக் கடுமையாக மீறுவது மூன்றாம் படி. இவற்றுள் ஒன்று தீராதிருக்கும்வரை அம்மென்பொருள் பொதுவாக வெளியீட்டுக்கு ஏற்றதாகக் கருதப்படுவதில்லை. ஆகவே, புகார் தருபவரின் சினம் அங்கே அளவுகோல் அன்று, விளைவே அளவுகோல்.

கடுமை வேறு, நிலை வேறு. 'மேலும் விவரம் தேவை', 'திருத்தம் கிடைத்துள்ளது' என்னும் பொருளுடைய குறிகள் அங்கே தனி வரிசையில் உள்ளன. சிறு வழுவுக்குத் திருத்தம் கிடைத்திருக்கலாம். பெரு வழுவுக்கு விவரம் போதாதிருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுமே விளங்காமற் போகும்.

'திருத்தப்படாது' என்னும் குறியும் அங்குண்டு. திருத்தினால் பிறருக்கு அதனினும் பெரிய இடர் நேருமெனில், வழுவை அறிந்தே விட்டுவைக்கின்றனர். இது நமக்குப் புதிதன்று. வழாநிலை, வழு, வழுவமைதி என நம் இலக்கணம் முன்பே பகுத்துள்ளது. வழுவென அறிந்தும் காரணம் கருதி ஏற்பதே வழுவமைதி.

மாணவர்களே, குழுவாக நிரல் எழுதும்போது சில குறிச்சொற்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் விளக்கம் எழுதிவையுங்கள். 'அவசரம்' என்பதை ஐவர் ஐந்து விதமாகக் கொண்டால் எல்லாப் பணியும் அவசரமாகிவிடும். உண்மையில் அவசரமானது கண்ணில் படாது. ஆசிரியர்களே, அந்த ஒரு வரியை மாணவர்கள் தமிழில் எழுதட்டும். சொல்லுக்கு எல்லை வகுக்கும் பயிற்சியை மொழிப்பாடமும் கணினிப்பாடமும் ஒருசேரத் தரும் இடம் அதுவே.