கேட்டது யோசனை, கொடுத்தது 500 ரூபாய்!

(வியாபாரிகளும் இளைஞர்களும் பங்கேற்ற மஹல்லா மருத்துவ உதவிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இந்த மேடையில் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை, ஆலிமும் இல்லை. துணிக்கடை வைத்திருப்பவன். ஒரு தவறு செய்தவன் என்ற முறையில்தான் உங்கள் முன் நிற்கிறேன். அந்தத் தவறு உங்களில் ஒருவரிடமும் நடக்கக் கூடாது என்பதற்காக அதைச் சொல்லிவிடுகிறேன்.

15 ஆண்டுகளுக்கு முன் ஓர் அஸர் நேரத்தில் ஒரு சகோதரர் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஆஸ்பத்திரி காகிதங்கள். அவருடைய 6 வயது மகளுக்கு தலசீமியா நோய். மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுடைய எலும்பு மஜ்ஜை பொருந்துகிறது, மாற்று சிகிச்சை செய்யலாம், ஆனால் ஆபத்தும் உண்டு, செலவு லட்சக்கணக்கில் ஆகும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, நீங்க நாலு ஊர் சுத்துனவரு. செய்யலாமா, வேணாமா? ஒரு யோசனை சொல்லுங்க."

நான் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொல்வாங்க. ரத்தம் ஏத்திக்கிட்டே இருங்க, அல்லாஹ் பார்த்துக்குவான்" என்று சொல்லி, கல்லாவிலிருந்து 500 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது யோசனை. நான் கொடுத்தது ஸதகா. கடமை முடிந்தது என்று அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் மறுபடியும் என் கடைப்படி ஏறினார். கபன் துணி வாங்க வந்திருந்தார். ரத்தத்தோடு சேர்ந்து உடம்பில் ஏறிய இரும்புச்சத்து அந்தப் பிள்ளையின் இதயத்தைக் கெடுத்திருந்தது. இன்னா லில்லாஹி.

மஜ்ஜை மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் விவரம் தெரிந்து ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பு அந்தத் தகப்பனுக்குக் கிடைக்கவே இல்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

தவக்குல் என்றால் என்ன?

சகோதரர்களே! "அல்லாஹ் பார்த்துக்குவான்" என்ற சொல்லை நாம் சோம்பலுக்கு உறையாகப் போர்த்தி வைத்திருக்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி வந்தது. உடனே அவர்கள் தாமாக முடிவெடுத்துவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்ஸாரிகளை அழைத்துக் கேட்டார்கள். அனுபவம் மிக்க குறைஷிப் பெரியவர்களை அழைத்துக் கேட்டார்கள். அதன் பிறகே திரும்புவது என்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இந்தச் சம்பவத்தை எத்தனை பயான்களில் கேட்டிருப்போம்! ஒரு தகப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நிற்கும்போது மட்டும் ஏன் நமக்கு அது ஞாபகத்துக்கு வருவதில்லை?

நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

இளைஞர்கள் கவனமாகக் கேளுங்கள். தலசீமியா ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. கண்ணேறு அல்ல, ஜின் வேலையும் அல்ல. உடம்பு சரியான ரத்தம் உற்பத்தி செய்யாத பரம்பரைக் குறை. பெரும்பாலும் பிறந்த 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் குழந்தை வெளுக்கும், சோர்ந்துபோகும், மண்ணீரல் வீங்கி வயிறு உப்பும். கடுமையான வகையாக இருந்தால் 2 முதல் 4 வாரத்திற்கு ஒருமுறை ஆயுள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது சிகிச்சையில் பாதிதான். ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதிகப்படியான இரும்பை வெளியே தள்ள மனித உடம்பில் வழியில்லை. அது ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிகிறது. அந்த இரும்பை இறக்க மருந்து உண்டு. ஒரு காலத்தில் இரவெல்லாம் தோலுக்கடியில் ஊசி வைத்து மருந்து செலுத்துவதுதான் வழி. பிறகு டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் என்று வாய்வழி மருந்துகள் வந்துவிட்டன. அவற்றை டாக்டர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனைகளோடு தவறாமல் கொடுக்க வேண்டும். "ரத்தம் ஏத்தியாச்சு, பிள்ளை தெளிவா இருக்கு, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்துவதுதான் பிள்ளையைக் கொல்கிறது. ஃபெரிட்டின் என்ற பரிசோதனையில் அளவு 1,000-க்குள் இருக்கப் பார்க்க வேண்டும். தொடர்ந்து 2,500-ஐத் தாண்டி நின்றால் இதயத்துக்கு ஆபத்து. அந்த மஞ்சள் பையில் இந்தக் கணக்கெல்லாம் இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

அடுத்தது மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தலசீமியாவுக்கு இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தி, குழந்தை சிறு வயதில், இரும்பு கட்டுக்குள் இருக்கும்போது செய்தால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் ரத்தம் ஏற்றும் தேவையிலிருந்தே விடுபடுகிறார்கள். ஈரல் கெட்ட பிறகு, வயது ஏறிய பிறகு போனால் அந்த வாய்ப்பு குறைகிறது. அதேசமயம், மீதமுள்ளதை மறைக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து நேரலாம். புது மஜ்ஜை ஒட்டாமல் போகலாம், அல்லது அதுவே உடம்பைத் தாக்கலாம். மாதக்கணக்கில் கிருமித் தொற்றுக்குப் பயந்து வாழ வேண்டும். பின்னாளில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். மஜ்ஜை கொடுக்கும் அண்ணனுக்கோ இடுப்பெலும்பில் சில நாள் வலி; எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும்.

ஆக, நல்லபடியாக ரத்தமும் மருந்தும் கொடுத்து வளர்ப்பதும் ஒரு வழி. மஜ்ஜை மாற்றுவதும் ஒரு வழி. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே பதில் கிடையாது. முடிவெடுக்காமல் காலத்தைக் கடத்துவது மட்டும் வழியே அல்ல.

வியாபாரி கேட்க வேண்டிய 5 கேள்விகள்

வியாபாரிகளே! ஒரு லோடு சரக்கு எடுக்க எத்தனை கேள்வி கேட்கிறோம்! பிள்ளை விஷயத்தில் மட்டும் டாக்டர் முன்னால் வாயடைத்து நிற்கிறோம். இந்த 5 கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று, நோயின் பெயர் என்ன, எந்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது? இரண்டு, இந்தச் சிகிச்சை செய்தால் என்ன நடக்கும், செய்யாவிட்டால் என்ன நடக்கும்? மூன்று, இந்த மருத்துவமனையில் இதுவரை எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள்? நான்கு, முழுச்செலவு எவ்வளவு, வீட்டுக்கு வந்த பிறகு மருந்துச் செலவு எவ்வளவு? ஐந்து, எவ்வளவு காலம் யோசிக்கலாம்? இந்த ஐந்துக்கும் பதில் சொல்லும் டாக்டரை நம்புங்கள். கோபப்படுகிற இடத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு ரத்தநோய் நிபுணரையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் அறைக்குள் வாப்பா, பெரியத்தா, மாமா எல்லோரும் போகிறோம். பிள்ளையைப் பெற்ற உம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைக்கிறோம். எந்த ராத்திரி காய்ச்சல் வந்தது, எந்த மாத்திரையைப் பிள்ளை துப்பியது என்பது அவளுக்குத்தான் தெரியும். அவளை உள்ளே அழைத்துப் போங்கள். முடிவு பெற்றவர்கள் இருவருடையது. ஜமாஅத் தோள் கொடுக்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேண்டாம் என்று முடிவெடுத்த பெற்றோரையும், செய்து பார்த்து இழந்த பெற்றோரையும் குத்திப் பேசுவது பெரும்பாவம்.

மஹல்லா செய்ய வேண்டியது

மஜ்ஜை மாற்று நடக்கக்கூடிய பிள்ளைக்குப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ரத்தம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பின்னால் மஜ்ஜை ஒட்டாமல் போகும் ஆபத்து கூடுகிறது. பெற்ற தகப்பனே ரத்தம் கொடுக்க முடியாத இடத்தில் யார் கொடுப்பது? நாம்தான் கொடுக்க வேண்டும். ஓர் ஆண் 90 நாளைக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். மாதம் இரண்டு யூனிட் தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 24 யூனிட். ஆறேழு இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டால் போதும். ரமளானில் ரத்தம் கொடுப்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் நோய்க்கு ரமளான் தெரியாது. இஃப்தாருக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கொடுங்கள்.

உரிமைகளையும் தெரிந்து வையுங்கள். தலசீமியா 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் வாங்குங்கள். கோல் இந்தியா நிறுவனம் 2017-இல் தொடங்கிய திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் மஜ்ஜை மாற்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். இவற்றையெல்லாம் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருந்தால், ஒரு தகப்பன் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை.

ஜகாத்தை நூறு பேருக்கு நூறு நூறாகப் பிரித்துக் கொடுத்து வாசலில் வரிசை நிற்க வைப்பதில் யாருடைய வறுமையும் தீர்வதில்லை. ஏழைக் குடும்பத்தின் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு மருந்தை நாலு வியாபாரிகள் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த முறையில் ஒப்படைத்தால் ஜகாத் நிறைவேறும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, நிகாஹ். தாய் தகப்பன் இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் கடும் நோய் வரும். அதுவும் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவர் மட்டும் சுமந்தால் அந்தப் பயம் இல்லை. சுமப்பவருக்கு எந்த நோயும் தெரியாது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இருவரும் சுமப்பவராக அமையும் வாய்ப்பு கூடுகிறது. ஹெச்.பி.எல்.சி. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். ஈரானில் 1997-லும் சவூதி அரேபியாவில் 2004-லும் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். சீர்வரிசை எத்தனை பவுன் என்று கேட்கத் தயங்காத நாம், இந்த ஒரு காகிதத்தைக் கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்? மாப்பிள்ளையின் காகிதத்தை முதலில் கேளுங்கள். பெண்ணின் மேல் மட்டும் பழி போடும் வழக்கம் ஒழியட்டும்.

சகோதரர்களே! அந்த மஞ்சள் பை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாளைக்கு உங்கள் கடைப்படியிலும் ஒருவர் அப்படி ஒரு பையோடு ஏறுவார். கல்லாவைத் திறக்கும் முன் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள். பையைத் திறந்து காகிதங்களை வாசியுங்கள். புரியாவிட்டால், புரிந்த ஒருவரிடம் அவரோடு சேர்ந்து போங்கள். பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அந்தப் பெண்பிள்ளையின் கப்றை ஒளியாக்குவானாக! என் பிழையைப் பொறுப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.