எந்தப் பிலிமை வாங்குவது?

பரணிலோ பீரோவிலோ பல ஆண்டுகளாகக் கிடந்த பழைய காமிரா ஒன்று திடீரென்று ஒரு நாள் கையில் அகப்படுகிறது. தோலுறை வெடித்துப் போயிருக்கிறது. ஆயினும் லென்ஸ் தெளிவாக இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பழைய ஓசை மாறாமல் கேட்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் டிஜிட்டல் காமிராவிலும் கைப்பேசியிலும் படமெடுத்துப் பழகியவருக்கு, அந்த ஓசை நெடுநாள் காணாதிருந்த உறவினரின் குரலைப்போல் ஒலிக்கிறது. மறுபடியும் பிலிமில் எடுத்துப் பார்ப்போமே என்னும் ஆசை பிறக்கிறது. ஆசையின் பின்னாலேயே ஐயமும் வருகிறது: எந்தப் பிலிமை வாங்குவது?

இந்த ஐயம் டிஜிட்டல் காமிராக்காரருக்கு எழுவதே இல்லை. அவர் ஒரு படத்தை வெயிலில் எடுப்பார். அடுத்த படத்தை விளக்கு வெளிச்சத்தில் எடுப்பார். கருவியின் ஒளியுணர்வை இரண்டுக்கும் இடையே மாற்றிக்கொள்வார். விளக்கொளியின் மஞ்சள் நிறத்தைப் பின்னால் திருத்திக்கொள்வார். வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்பதையும் வீட்டுக்கு வந்தபின் முடிவு செய்துகொள்வார். பிலிமிலோ இம்மூன்றும் கடையிலேயே முடிவாகிவிடுகின்றன. சுருளைக் காமிராவில் ஏற்றி மூடியை மூடிய பிறகு, 36 படங்களும் அந்த ஒரே முடிவுக்குக் கட்டுப்பட்டவை. ஆகையால், பிலிமைத் தேர்ந்தெடுப்பது என்பது இனி எடுக்கப்போகும் படங்களின் இயல்பை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதாகும்.

பிலிம் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய ஐயம் நியாயமானதே. 1935-ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற கோடாக்குரோம் பிலிமை 2009-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனமே திவால் பாதுகாப்பைக் கோர நேர்ந்தது. டிஜிட்டல் காமிராவை 1975-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்து காட்டிய பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அதே நிறுவனத்தில் பணிபுரிந்தவர் என்பதை நினைத்தால், விதியின் விளையாட்டு விளங்கும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2012-இல் நிறுத்துவதாக அறிவித்த எக்டாக்குரோமை, கோடாக் 2018-இல் மீண்டும் கொண்டுவந்தது. பியூஜி நிறுவனம் 2018-இல் நிறுத்திய அக்ராஸ் என்னும் கறுப்பு வெள்ளைப் பிலிம், மறு ஆண்டே புதிய உருவில் திரும்பியது. இங்கிலாந்தில் இல்போர்டு பிலிமும், செக் நாட்டில் 1921-இல் தோன்றிய போமா நிறுவனத்தின் பிலிமும் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கின்றன.

நம் நாட்டிலும் பிலிம் செய்தோம் என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். உதகமண்டலத்தில், தூசியற்ற குளிர்ந்த மலைக்காற்றை நம்பி, ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசுத் தொழிற்சாலை 1960-இல் நிறுவப்பெற்று, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயருடன் வந்த அந்தப் பிலிமில் எத்தனையோ ஊர்களின் ஸ்டூடியோக்கள் கல்யாணங்களையும் பள்ளிக்கூடக் குழுப்படங்களையும் எடுத்தன. அத்தொழிற்சாலை இப்போது பிலிம் செய்வதில்லை. இன்று நாம் வாங்கும் பிலிம் பெரும்பாலும் கடல் கடந்து வருவது. விலையும் அதற்கேற்றவாறே இருக்கும். ஆகவே, வாங்குமுன் சற்றே யோசிப்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண். 100, 200, 400, 800 என்று அது இருக்கும். பிலிமில் பூசப்பட்டுள்ள வெள்ளி உப்புப் படிகங்கள் எவ்வளவு விரைவில் ஒளியை ஏற்கின்றன என்பதை அந்த எண் குறிக்கிறது. எண் இரண்டு மடங்கானால், வேண்டிய ஒளி பாதியாகும். விரைவு மிகுந்த பிலிமில் படிகங்கள் பெரியவை. ஆகையால் படத்தில் மணல் தூவியதுபோன்ற பொறி தெரியும். விரைவு குறைந்த பிலிமில் படம் வழவழப்பாக இருக்கும்.

இந்த எண்ணை நம் வெயிலுடன் பொருத்திப் பார்க்கப் பழைய போட்டோக்காரர்கள் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணில் வைத்து, பிலிமின் எண்ணையே வினாடியின் பின்னமாக வைத்துக்கொள்ள வேண்டும். 100 பிலிமுக்கு ஏறக்குறைய 1/125 வினாடி. 400 பிலிமுக்கு 1/500 வினாடி. இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. நடுப்பகலில் 400 பிலிமை ஏற்றிக்கொண்டு, பின்னணியை மங்கலாக்குவதற்காகத் துவாரத்தை 2 வரை திறக்க விரும்பினால், 1/32000 வினாடி வேண்டும். பழைய காமிராக்களில் பல 1/500-ஐயோ 1/1000-ஐயோ தாண்டுவதில்லை. ஆகவே வெயிலில் முகப்படம் எடுப்பவருக்கு 100 பிலிமே தோழன். மறுபுறம், திண்ணையின் ஆழ்ந்த நிழலிலும் கோயில் பிராகாரத்திலும் 100 பிலிம் 1/30 வினாடிக்குக் கீழே இழுத்துச் செல்லும், கை அசைந்துவிடும். அங்கே 400 வேண்டும். ஒரே சுருளால் இரண்டு இடத்துக்கும் போக வேண்டுமென்றால் 400-ஐ எடுத்துக்கொண்டு, வெயிலில் துவாரத்தைச் சுருக்கிக்கொள்வதே விவேகம்.

இரண்டாவது செய்தி, நெகடிவ் பிலிமின் பொறுமை. டிஜிட்டலிலிருந்து திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள், நானும் இடறினேன்.

டிஜிட்டல் காமிராவில் மிகுந்த ஒளி பகையாகும். வெள்ளைச் சுவரோ வானமோ ஒருமுறை எல்லை கடந்து வெளுத்துவிட்டால், அதை மீட்க வழியில்லை. இருண்ட பகுதியையோ பின்னால் ஓரளவு தூக்கி நிறுத்தலாம். எனவே ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுக்க நம் கை பழகிவிடுகிறது. நெகடிவில் இது நேர்மாறு. ஒளி மிகுந்தால் நெகடிவ் அடர்ந்துவிடும், அவ்வளவே. அதிலிருந்து நல்ல படம் எடுக்கலாம். ஒளி குறைந்தால் நிழல் விழுந்த இடத்தில் பிலிம் வெறும் கண்ணாடிபோல் இருக்கும். பதியாததை எந்த மருந்தாலும் வரவழைக்க முடியாது.

சில ஆண்டுகளுக்குமுன், என் பாட்டியார் எங்கள் ஊர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவரைப் படமெடுத்தேன். காமிராவில் இருந்தது 400 கறுப்பு வெள்ளைச் சுருள். அவருக்குப் பின்னால் வெயில் கொளுத்தும் வாசலும், சுண்ணாம்பு அடித்த சுவரும் இருந்தன. அந்தச் சுவர் வெளுத்துவிடக் கூடாதே என்று பழக்கத்தின்படி அதையே அளந்து, எட்டுப் படங்கள் எடுத்தேன். அவற்றில் சுவர் அழகாக வந்தது. பாட்டியாரின் முகம் இருந்த இடத்தில் கருமைதான் இருந்தது. ஒன்பதாவது படத்தை எடுக்கும்போது, வீட்டுக்குள்ளே கூடத்தில் எடுத்த ஒரு படத்துக்காக மாற்றியிருந்த அளவைத் திரும்ப வைக்க மறந்துவிட்டேன். கணக்குப்படி அது பிழை. இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்குக்கும் மேலான ஒளி போயிருந்தது. அந்த நெகடிவ் கறுத்துத் தடித்திருந்தது. ஆனால் அச்சிட்டுப் பார்த்தபோது பாட்டியாரின் கண்ணோரச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் இருந்தன, சுவரும் கெட்டுவிடவில்லை. அடுத்த தடவை நான் ஊருக்குப் போவதற்குள் அவர் காலமாகிவிட்டார். என் மறதியில் பிறந்த அந்த ஒரு படந்தான் இன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நிழலைப் பார்த்து ஒளியை அளக்க வேண்டும் என்னும் விதியை நான் கற்றுக்கொண்ட விலை அது.

நம்மவர் முகநிறத்தை எடுக்கும்போது இவ்விதி இன்னும் முக்கியமாகிறது. வெள்ளை வேட்டியும் மாநிறமோ கருநிறமோ கொண்ட முகமும் ஒரே சட்டத்துக்குள் வரும்போது, முகத்தின் நிழற்பக்கத்தையே அளக்க வேண்டும். வண்ணப் பிலிமின் தொடக்க காலத்தில், அச்சிடும் நிறங்களைச் சரிபார்க்க 'ஷெர்லி அட்டை' என்ற மாதிரிப்படத்தை வைத்திருந்தார்கள். அதில் இருந்தது வெள்ளை நிறப் பெண்ணின் முகம். கருநிற முகங்கள் அந்நாளில் விவரமின்றி வந்ததற்கு அந்த அளவுகோலும் ஒரு காரணம். இன்றைய பிலிம்கள் எவ்வளவோ திருந்திவிட்டன. ஆயினும் அளக்கும் பொறுப்பு நம்முடையதே.

மூன்றாவது, பிலிமின் வகை. வண்ண நெகடிவ், ஸ்லைடு, கறுப்பு வெள்ளை என்று மூன்றாகப் பிரிக்கலாம். ஸ்லைடு பிலிம், நெகடிவாகாமல் நேராகவே படமாகிவிடுவது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அது பொறுமையற்றது. அரை மடங்கு ஒளி பிழைத்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். எக்டாக்குரோமையும் பியூஜியின் வெல்வியாவையும் கை பழகிய பிறகு தொடுவதே நலம். வண்ண நெகடிவில் கோடாக் கோல்டு 200 சாதாரண வெயிலுக்கு ஏற்றது. போர்ட்ரா 400, முகநிறத்தை மென்மையாகத் தருவது. ஒளி மிகுந்தாலும் பொறுப்பது. விலைதான் சற்றுக் கடுமை. எக்டார் 100 நிறங்களை அழுத்திக் காட்டும்; இயற்கைக் காட்சிக்கு நன்று.

சினிமாப் பிலிமை வெட்டிச் சிறு சுருள்களாக்கி விற்பதும் உண்டு. அதில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். 'டி' என்ற எழுத்து இருந்தால் அது மின்விளக்கின் மஞ்சள் ஒளிக்காகச் செய்தது; வெயிலில் எடுத்தால் படம் நீலம் பாய்ந்திருக்கும். மேலும், சிலவற்றின் முதுகில் கரிப்பூச்சு இருக்கும். அதைச் சொல்லாமல் சாதாரண லாபில் கொடுத்தால் அவர்களுடைய மருந்து முழுதும் கெடும்.

கறுப்பு வெள்ளையில், 35 மில்லிமீட்டர் சுருளாக 1954-இல் வெளிவந்த கோடாக் டிரை-எக்ஸும், இல்போர்டு எச்.பி.5 பிளஸும் தவறுகளை மன்னிக்கும் பிலிம்கள். 1986-இல் வந்த டி-மாக்ஸ் போன்றவற்றில் படிகங்கள் தட்டையாக இருக்கும், பொறி குறைவு. ஆனால் டெவலப் செய்யும் நேரமும் வெப்பமும் சிறிது மாறினாலும் அவை மாறுதல் காட்டும். புதிதாகத் திரும்பி வருகிறவருக்குப் பழைய வகையே பாதுகாப்பு.

பிலிமை வாங்குமுன் லாபைத் தேட வேண்டும் என்பேன். வண்ண நெகடிவுக்குரிய சி-41 முறையில் கழுவித் தருபவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். ஸ்லைடுக்குரிய ஈ-6 முறை அறிந்தவர்கள் மிகச் சிலரே. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு டாங்க், டெவலப்பர், பிக்சர், ஒரு வெப்பமானி இருந்தால் போதும். புத்தகங்கள் 20 டிகிரி வெப்பத்துக்கு நேரம் குறித்திருக்கும். நம் ஊர்க் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். ஐஸ் கட்டி போட்ட தொட்டியில் பாத்திரத்தை வைத்து வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். இருட்டறை வேலையில் விருப்பமில்லாமல், கறுப்பு வெள்ளையை மட்டும் விரும்புகிறவர்களுக்கு இல்போர்டு எக்ஸ்.பி.2 சூப்பர் இருக்கிறது. அதை வண்ண லாபிலேயே சி-41 முறையில் கழுவலாம்.

நம் வெப்பம் எடுக்காத பிலிமையும் கெடுக்கும். அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, வெளியே எடுத்தபின் ஒரு மணி நேரமாவது பெட்டியைத் திறவாமல் வைக்க வேண்டும்; இல்லையேல் ஈரம் படியும். வெயிலில் நிற்கும் காரில் சுருளை விட்டுப் போகக் கூடாது. விமான நிலையங்களில் புதிதாக வைத்துள்ள சி.டி. வகை எக்ஸ்ரே கருவிகள் எந்த விரைவுப் பிலிமையும் மங்கச் செய்யக் கூடியவை. சுருள்களைத் தனிப் பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் கேட்டபின், 'நான் எதை வாங்கட்டும்?' என்று ஒரே சொல்லில் விடை கேட்டால் இதைச் சொல்வேன். முகங்களையும் வீட்டையும் எடுக்க விரும்பினால், 400 விரைவுள்ள கறுப்பு வெள்ளை நெகடிவ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே மூன்று சுருள்கள் வாங்குங்கள். வண்ணந்தான் வேண்டுமென்றால் 200 அல்லது 400 விரைவுள்ள வண்ண நெகடிவ் மூன்று. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிலிமை மாற்றிக்கொண்டிருந்தால், படம் கெட்டதற்குக் காரணம் பிலிமா, அளவையா, கழுவிய முறையா என்பது தெரியாமலே போகும். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் துவாரம், வேகம், இடம் ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். டிஜிட்டல் காமிரா இவற்றைத் தானே குறித்து வைத்தது; பிலிம் அதைச் செய்யாது. மூன்றாவது சுருள் முடியும்போது அந்தப் பிலிமின் குணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நெகடிவ்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். லாபிலிருந்து கேட்டு வாங்கி, உறையிலிட்டு, தேதி எழுதி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கவனமாகக் கழுவிப் பாதுகாத்த கறுப்பு வெள்ளை நெகடிவ் தலைமுறைகளைக் கடந்து நிற்கும். அதைப் பார்க்கக் கணினியோ கடவுச்சொல்லோ தேவையில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும். என் பாட்டியாரின் நெகடிவை நான் அவ்வப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அதில் அவருடைய முகம் கறுப்பு, புடைவைக் கரை வெளுப்பு, எல்லாம் தலைகீழ். ஆயினும் அவர்தான் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.