இரண்டாம் கதவு திறக்கட்டும்!

(நோர்வூட்டில் ஆற்றிய சொற்பொழிவு)



கெஹெல்கமு ஓயாவின் கரையில் நின்றுகொண்டு சென்னைப் பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று வியப்பீர்கள். காரணம் உண்டு.

1806ஆம் ஆண்டு சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய அக்கால்வாய், பிற்காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீற்றர் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 5 மைல் பகுதி 1877–78இல், பெரும் பஞ்சத்தின்போது வெட்டப்பட்டது. வெட்டியவர் யார்? பசியோடு நிவாரண வேலைக்கு வந்த ஏழை மக்கள். 1877இன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் துரை நிவாரண வேலைக்கு விதித்த நாட்கூலி, ஓர் இறாத்தல் தானியமும் சில்லறைக் காசுமே. கால்வாய்க்குச் சூட்டிய பெயரோ கவர்னரின் பெயர்! அதே பஞ்சம் துரத்த, நம் முன்னோர் பலர் கடல் கடந்து இம்மலைகளுக்கு நடந்து வந்தனர்.

அக்கால்வாயில் ‘லாக்’ எனும் பூட்டுக் கதவுகள் இருந்தன. இரு கதவுகள், நடுவே ஒரு தொட்டி. உப்பும் விறகும் ஏற்றிய படகு முதற்கதவால் நுழையும். அது மூடப்படும். நீர்மட்டம் சமமானதும் இரண்டாம் கதவு திறக்கும், படகு முன்னேறும். திறக்காவிட்டால் படகு நடுவில் சிறைப்பட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

நமது நிலை அதுவே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதற்கதவை அடைத்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் நம்மைக் கேளாமலே நம்மைப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் அக்கதவைத் திறந்தது. காணி எனும் இரண்டாம் கதவு எங்கே? எத்தனையோ குடும்பங்கள் இன்றும் லயத்தில். புதுவீடு பெற்றோரிலும் உறுதி பெறாதோர் பலர். உறுதியில்லாத வீட்டை ஈடு வைக்க முடியுமா? பிள்ளைக்கு எழுதி வைக்க முடியுமா?

சென்னையைப் பாருங்கள்! கால்வாய்க் கரையில் பல்லாண்டு குடியிருந்த ஏழைகள் பலர், கையில் பட்டா இன்றி, கண்ணகி நகருக்கு அகற்றப்பட்டனர். உறுதியற்றவன் கதி அது!

ஆகவே நாம் கேட்பது மூன்று. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டும். அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். வீட்டைச் சுற்றிப் பயிரிடவும் நிலம் வேண்டும். ஆசிரியர்களே, சட்டம் கற்றோரே, ஒவ்வொரு குடும்பத்தின் விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுங்கள்! மரக்கறித் தோட்டம் செய்வோரே, பயிரிடும் நிலத்தின் அளவைக் குறித்துக் கொடுங்கள்! இரு கதவுகளும் திறந்தாலன்றிப் படகு கரை சேராது.