அடிக்கட்டையும் களைக்கொல்லியும்



கோபாலபுரத்தில் நின்று கிழக்கே நோக்கினால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள். மேற்கே சித்தூர் வட்டத்துத் தோப்புகள். மண்ணும் பயிரும் பேச்சும் சாவடியைத் தாண்டியதும் மாறிவிடுவதில்லை. மாறுவது சட்டம். கட்டைப் புதர்களையும் கொடிகளையும் மருந்தால் ஒழிப்பது பற்றி இங்கே பேசுகிறவர் இதை மறந்துவிட முடியாது. ஆயினும் முதலில் செடியைப் பார்ப்போம்.

உண்ணிச்செடியையோ சீமைக்கருவேலத்தையோ தரைமட்டத்தில் வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டுகள் எழுகின்றன. தண்டும் வேரும் சந்திக்கும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் உள்ளன; மேலே வெட்டு விழுந்தவுடன் அவை விழித்துக்கொள்கின்றன. ஆகவே வெட்டுவது களையெடுப்பதாகாது. பெரும்பாலும் அது கவாத்துச் செய்வதே ஆகும்.

இதற்கு மருந்தில்லாத விடை ஒன்று உண்டு. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் உண்ணிச்செடிக்கு வகுத்த முறையில், கழுத்துக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். மொட்டுகள் வெயிலில் காய்ந்து போகின்றன. ஆள்கூலி ஆகும் என்பது மெய்தான். ஆனால் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் முதலில் முயல வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

வாய்க்கால் கரையின் கல்லிடுக்கிலும், சுவரை ஒட்டியும் வேரைத் தோண்ட இயலாது. அடிக்கட்டைக்கு மருந்திடும் கேள்வி அங்கேதான் எழுகிறது. தெளிப்பானைத் தூக்கிப் புதர் முழுவதையும் நனைப்பது இங்கு நாம் பேசும் முறையன்று. கட்டையைத் தாழ வெட்டி, மரத்தூளைத் துடைத்துவிட்டு, தூரிகையால் வெட்டுமுகத்தில் தடவுவதே முறை. முகம் முழுவதும் தடவ வேண்டுவதில்லை. நடுவிலுள்ள வைரம் உயிரற்றது. பட்டைக்கு உட்புறமாக ஓடும் மெல்லிய வளையமே உணவை வேருக்குக் கொண்டு செல்வது. மருந்தும் அவ்வழியே இறங்க வேண்டும். கிளைபோசேட் போன்ற நீரில் கரையும் மருந்தை வெட்டிய சில நிமிடங்களுக்குள் தடவிவிட வேண்டும். நேரம் கடந்தால் வெட்டுமுகம் காய்ந்து வழி அடைபடும். எனவே ஒருவர் வெட்ட, மற்றவர் உடனே தடவிச் செல்வது நல்லது. மழை வரும் போலிருந்தால் அன்று வேலையை ஒத்திவைப்பதே சரி.

மரமேறும் கட்டைக்கொடிகளுக்கும் இதுவே வழி. இடுப்பளவில் ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு. அடிவெட்டில் மட்டும் மருந்து. மேலே தொங்குவதை இழுக்காமல் காயவிட வேண்டும். இழுத்தால் மரக்கிளை முறியும், தலையிலும் விழும். கேரளத்தார் திருதராஷ்டிரப் பச்சை என்று அழைக்கும் மிக்கேனியா இதற்கு விலக்கு. (தழுவி நெரிக்கும் கொடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.) அதன் தண்டு மென்மையானது, கணுத்தோறும் வேர்விடும். பூக்குமுன் பிடுங்கி, ஈரநிலத்தில் துண்டுகள் கிடக்காமல் அகற்ற வேண்டும்.

இனி எச்சரிக்கை. கட்டைப் புதர்களைக் கொல்லப் பல நாடுகள் பயன்படுத்திய 2,4,5-டீ என்ற மருந்து 2,4-டியுடன் கலக்கப்பட்டு, 1971 வரை நடந்த வியட்நாம் காடழிப்பில் கொட்டப்பட்டது. அதனுள் மாசாகக் கலந்திருந்த டையாக்சின் செய்த தீங்கை உலகம் அறியும். இந்தியாவில் 2,4,5-டீக்குப் பதிவு மறுக்கப்பட்டது. பதிவு பெற்ற 2,4-டியிலும் எஸ்டர் வகை ஆவியாகிக் காற்றோடு போகும். பக்கத்து நிலத்துப் பருத்தியும் தக்காளியும் இலை சுருண்டு நிற்கும். பாரகுவாட் தொட்ட பச்சையை மட்டுமே எரிக்கிறது. வேருக்கு இறங்காததால் கட்டைக்குப் பயனில்லை. அதை அருந்தியவரைக் காக்க முறிமருந்தும் இல்லை.

கிளைபோசேட்டைப் பற்றிய வழக்கு வேறு. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2015இல் அதை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அம்முடிவை ஏற்கவில்லை. 2019 ஜனவரியில் திருவல்லா அருகே நெல் வயலில் மருந்தடித்த தொழிலாளர் இருவர் இறந்தனர். அடுத்த மாதம் கேரள அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது. பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. ஆகவே கிழக்குப் பக்கத்துக் கடையில் ஒரு டப்பா கிடைக்கிறது என்பது மேற்குப் பக்கத்துத் தோப்பில் அதை ஊற்ற அனுமதியாகாது. களைக்கொல்லிகளும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு உட்பட்டவையே. எந்தப் பயிருக்கு, எந்தக் களைக்கு என்று சீட்டில் அச்சிடப்படாத பயனுக்கு அலுவலர் பரிந்துரை எழுதலாகாது. அளவும் சீட்டில் உள்ளதே, கைக்கணக்கு வேண்டாம்.

கையுறை, முழுக்கைச் சட்டை, காலணி இவற்றைத் தொழிலாளிக்கு வாங்கித் தருவது வேலை தருபவரின் பொறுப்பு. 'வெயிலில் போட முடியவில்லை' என்பார்கள், அது உண்மைதான். அதனால் காலை வேளையில் வேலையை முடித்துவிட வேண்டும். குடிநீர்ப் புட்டியில் மருந்தை ஊற்றி வைக்கும் பழக்கத்தை எங்கே கண்டாலும் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

தூரிகையையும் வாளியையும் வாய்க்காலில் கழுவாதீர்கள். ஆழியாற்று நீர் மூலத்தறையில் பிரிந்து சித்தூர் வயல்களுக்குப் பாய்கிறது. கழுவிய நீரை மருந்திட்ட இடத்திலேயே, நீரோட்டத்திற்கு எட்டாத மண்ணில் ஊற்றுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கட்டைகளை மீண்டும் போய்ப் பாருங்கள், சில துளிர்த்திருக்கும்.